மீன்முள் வாய்க்காலிலிருந்து மாநகரத்துக்கு

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை அங்கே மரங்களைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டி எடுக்கும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடம் சில ஆண்டுகளில் தானே முளைத்துக் காடாகிவிடும் என்ற நம்பிக்கையில் நடந்த வேலை அது. பல இடங்களில் காடு திரும்பவில்லை. நிழல் போனதும் சேற்றின்மேல் நேரடி வெயில் விழுந்தது. ஈரம் வற்றிய மண் சுருங்கித் தாழ்ந்து, நடுப்பகுதி ஆழமில்லாத பள்ளமானது. கடல் ஏற்றத்தின்போது பள்ளத்துக்குள் வந்த நீர், வற்றத்தின்போது வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கியது. ஆண்டுக்காண்டு ஏறிய அந்த உப்பு, உப்புநீரிலேயே பிறந்து வளரும் அலையாத்திக்கும் தாங்க முடியாத அளவைத் தொட்டது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் பிழைக்க வழியில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து அங்கே வேலை தொடங்கியபோது, எந்தக் கன்றை நடலாம் என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, நன்றாக இருக்கும் காட்டுக்குள் தண்ணீர் எப்படி வந்து போகிறது என்று பார்த்தார்கள். கழியிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் அமைப்பில் வெட்டினார்கள். ஏற்றத்தில் நீர் உள்ளே பரவி, வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறத் தொடங்கியது. அதன்பின் வாய்க்கால் சரிவில், நீர் தொட்டுப்போகும் மட்டத்தில் நட்ட வெண்கண்டல் கன்றுகள் வேர்பிடித்தன.

இயற்கையான கழிகள் வளைந்து நெளிந்து போகும். வெட்டிய வாய்க்கால்களோ கோடு கிழித்ததுபோல நேராக இருக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை. ஆனால் கழி செய்த வேலையை அந்த வாய்க்கால் செய்கிறது. தோற்றத்தை விட்டுவிட்டு வேலையை எடுத்துக்கொண்ட இந்த அணுகுமுறைதான் இந்தக் கட்டுரையின் பொருள். நகரங்களில் இயற்கையைக் கொண்டு வெள்ளத்தையும் வெப்பத்தையும் வறட்சியையும் சமாளிக்கும் முயற்சிகள் பெருகிவரும் இந்தக் காலத்தில், அவற்றில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. தோற்றம் வந்துவிடுகிறது, வேலை நடப்பதில்லை.

‘இயற்கைசார் தீர்வுகள்’ என்ற பேச்சு கடந்த பத்தாண்டுகளில் அரசு ஆவணங்களிலும் பன்னாட்டு வங்கிகளின் கடன் திட்டங்களிலும் நிலையான இடம் பிடித்துவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் இதற்கு ஒரு வரையறை தந்தது. 2020இல் தரநிலையையும் வெளியிட்டது. மனிதர்களின் சிக்கல் ஒன்றைத் தீர்க்கும்படியும், அதே நேரம் மற்ற உயிர்களுக்கும் பயன்படும்படியும் ஒரு சூழலமைப்பைக் காப்பதும் மீட்பதும் பேணுவதும் என்பது அதன் சாரம். இன்னொரு பக்கம், பயோமிமிக்ரி என்ற துறை இருக்கிறது. இயற்கை ஒரு வேலையை எப்படிச் செய்கிறது என்று படித்து, அந்த வழியை நம் வடிவமைப்பில் கையாள்வது இதன் நோக்கம். மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ஜப்பானிய அதிவேக ரயிலின் மூக்கை வடிவமைத்தது, ஒட்டிக்கொள்ளும் காய்களைப் பார்த்து வெல்க்ரோ செய்தது போன்ற கதைகளால் இத்துறை பலருக்கும் தெரியும். 1997இல் வந்த நூலால் இத்துறைக்குப் பெயர் தேடித்தந்த ஜானின் பென்யஸ், இயற்கையை மூன்று விதமாகக் கொள்ளச் சொன்னார்: மாதிரியாக, அளவுகோலாக, ஆசானாக. ரயில் மூக்கும் வெல்க்ரோவும் முதலாவதில் அடங்கிவிடுகின்றன. நகரத்துக்கு மிகவும் வேண்டியது இரண்டாவது. ஆனால் பூங்கா அமைப்பவரும் குளம் வெட்டுபவரும், தாங்கள் கையாள்வதே இயற்கைதானே என்ற எண்ணத்தில் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் இருந்த இயற்கை என்ன செய்தது, எப்படிச் செய்தது, எவ்வளவு செய்தது என்ற கேள்விகளைக் கேட்டு, விடையை அளவுகோலாக வைத்துக்கொண்டால்தான் இயற்கைசார் தீர்வு என்பது தீர்வாகும் என்பது என் வாதம்.

இதற்கு வலுவான சான்று ஆய்வகத்துக்கு வெளியே, கடலோரத்திலேயே கிடைத்திருக்கிறது. கடற்புல் படுகைகளையும் உப்புச் சதுப்புப் புல்வெளிகளையும் மீட்க உலகம் முழுவதும் செய்யப்பட்ட முயற்சிகளில் தோல்விகள் ஏராளம். நாற்றைத் தனித்தனியாக நட்டால் அலை பிடுங்கிக்கொண்டு போய்விடும். வளர்ந்த புல்வெளியை அதே அலை ஒன்றும் செய்வதில்லை. ஏனென்றால் அங்கே அடர்ந்த தண்டுகள் சேர்ந்து அலையின் வேகத்தைக் குறைக்கின்றன; பின்னிப்பிணைந்த வேர்கள் சேர்ந்து மணலைப் பிடித்துவைக்கின்றன. ஒரு செடியிடம் இல்லாத இந்த வலிமை, கூட்டமாகச் சேரும்போது மட்டும் பிறக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்களின் தலைமையில் நடந்து 2020இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, அந்தக் கூட்டத்தின் வலிமையைச் செயற்கையாக, தற்காலிகமாகக் கொடுத்துப் பார்த்தது. உருளைக்கிழங்கு மாவுக் கழிவிலிருந்து செய்த, நாளடைவில் மக்கிவிடும் வலைச்சட்டங்களை நாற்றுகளோடு சேர்த்து வைத்தார்கள். சில இடங்களில் அவற்றை மண்ணுக்குள் புதைத்து வேர்ப்பின்னல்போலவும், சில இடங்களில் மண்ணுக்கு மேலே நிறுத்தித் தண்டுக்கூட்டம்போலவும் அமைத்தார்கள். வெப்பமண்டலத்திலும் குளிர்நாடுகளிலும் நடந்த சோதனைகளில், சட்டத்தோடு நட்டவை வெறுமனே நட்டவற்றைவிட மிக நன்றாகப் பிழைத்தன.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கடற்புல்லுக்குக் கைகொடுத்தது மண்ணுக்குள் இருந்த வேர்ப்பின்னல். சதுப்புப் புல்லுக்குக் கைகொடுத்தது மேலே நின்ற தண்டுக்கூட்டம். ஒன்றுக்கு மணல் நகர்வது சிக்கல். மற்றதற்குத் தண்டு ஆடுவது சிக்கல். சட்டம் வைத்தால் போதும் என்று பொத்தாம்பொதுவாக இறங்கியிருந்தால் பாதி இடங்களில் காசு வீணாகியிருக்கும். எந்தச் செடி எதனால் சாகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் இயற்கை அதை எப்படித் தடுக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் போலச்செய்ததால் கிடைத்த வெற்றி இது. நகரத்து மண்ணும் இப்படித்தான். கட்டட இடிபாடு கொட்டி, லாரி ஏறி இறுகி, உயிரற்றுப்போன நிலத்தில் ஒரு கன்று நடும்போது, காட்டில் அதற்குத் துணையாக இருக்கும் பக்கத்து மரத்தின் நிழல், உதிர்ந்த இலை மெத்தை, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை எதுவும் அங்கே இல்லை. அந்தத் துணைகளில் எது இல்லாமல் கன்று சாகிறது என்று தெரியாமல், செத்த கன்றுக்குப் பதில் இன்னொரு கன்று நடுவதே பல நகரங்களில் மறுநடவு என்று கணக்கில் எழுதப்படுகிறது.

தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகக் கடற்கரையே சாட்சி. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கரைக்கு மரவேலி வேண்டும் என்ற எண்ணத்தில் நீண்ட தூரத்துக்குச் சவுக்கு நடப்பட்டது. வேகமாக வளரும், உப்புக்காற்றைத் தாங்கும், கம்புக்கும் விலை உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த பச்சைச் சுவர். ஆனால் சோழமண்டலக் கரையில் கடலுக்கு முதல் அரணாக இருந்தது மரம் கிடையாது, மணல்மேடு. அந்த மேட்டைக் கட்டுபவை அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். காற்று மணலைக் கொண்டுவந்து கொடியின்மேல் போடும். புதைந்த கணுவிலிருந்து புதிய வேர் இறங்கும். கொடி மணலுக்கு மேலே மறுபடி தலைநீட்டும். அதன்மேல் மறுபடி மணல் படியும். புதைக்கப் புதைக்க உயரும் கட்டுமானம் இது. புயல் ஒரு பகுதியை அரித்துப்போனாலும் அடுத்த பருவத்தில் தானே வளர்ந்து அடைத்துக்கொள்ளும். சவுக்கின் உதிர்ந்த ஊசியிலைகள் தரையை மூட, அடியில் கொடிகள் முளைப்பது குறைகிறது. மேடுகளைச் சமன்படுத்தி நட்ட இடங்களில் மேடே போய்விட்டது. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் திறந்த மணல்வெளியும் சுருங்கியது என்று சூழலியலாளர்கள் அப்போதே எழுதினார்கள். சவுக்கைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. உழவனுக்கு அது நல்ல பயிர். மணல்மேடு செய்த வேலையைச் செய்யும்படி அதை ஏவியதுதான் பிழை.

மியாவாக்கி காடுகளைப் பற்றியும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அகிரா மியாவாக்கி என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் உருவாக்கிய முறையில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி, மனிதர் கை படாமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் எந்தக் காடு இருந்திருக்கும் என்று கோயில் காடுகளையும் எஞ்சிய காடுகளையும் ஆராய்ந்து பட்டியல் போடுவது. இரண்டாவது பாதி, அந்தப் பட்டியலில் உள்ளவற்றை நெருக்கி நடுவது. சென்னை உட்பட இந்திய நகரங்கள் பலவற்றில் பரவியது பெரும்பாலும் இரண்டாவது பாதிதான். கிழக்குக் கடற்கரையின் இயல்பான காடு, உலர் பசுமைமாறாக் காடு: உயரம் குறைவு, இலை தடிமன், வளர்ச்சி மெதுவு, கோடையைத் தாங்கும் ஆழ்ந்த வேர். கிண்டி தேசியப் பூங்காவில் அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. நகரத்துக்கு நடுவில் இப்படி ஓர் அளவுகோல் நின்றுகொண்டிருப்பது பெரிய பேறு. அதை ஒரு முறை நடந்து பார்த்து, எந்த மரத்தடியில் எது வளர்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து நடும் வேலைக்குச் செலவும் அதிகமாகாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். போலச்செய்வதெல்லாம் எதற்கு? இருக்கிற சதுப்பு நிலத்தையும் ஏரியையும் மணல்மேட்டையும் அழிக்காமல் விட்டாலே போதுமே? இந்த மறுப்பின் முன்பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். குப்பைமேடும் சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும் குடியிருப்புகளும் அதன் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. எஞ்சியது 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரை வாங்கி, அகலமாகப் பரப்பி, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாகக் கடலுக்கு விடும் அந்த நிலத்துக்கு ஈடாக எந்தப் பொறியாளராலும் ஒன்றைக் கட்டிவிட முடியாது. போலச்செய்யத் தெரியும் என்ற துணிச்சலில் அசலை விட்டுக்கொடுப்பது பெரும் தவறு. ஒரு சதுப்பை மூடிவிட்டு, ஈடாக வேறோர் இடத்தில் அலங்காரக் குளம் வெட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அதற்கு பயோமிமிக்ரி துணைநிற்கக் கூடாது. ஆனால் மறுப்பின் பின்பாதி பலவீனமானது. வேளச்சேரியும் துரைப்பாக்கமும் இன்று மக்கள் வாழும் இடங்கள். அங்கே பழைய சதுப்பு திரும்பப்போவதில்லை. மழை மட்டும் பழைய அளவிலேயே, சில நாட்களில் அதற்கும் மேலாக, பெய்யும். சதுப்பு செய்த வேலையில் ஒரு பங்கையாவது தெருவும் மைதானமும் வீட்டு முற்றமும் செய்தாக வேண்டும். எஞ்சிய சதுப்பைக் காப்பதும் இழந்த சதுப்பின் வேலையை நகரத்துக்குள் பங்கிட்டுக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை.

அந்தப் பங்கை எப்படி அளப்பது? நியூசிலாந்து ஆய்வாளர் மைபிரிட் பெடர்சன் சாரி, வெலிங்டன் நகரத்தை எடுத்துக்கொண்டு, அந்த நிலத்தில் முன்பு இருந்த சூழலமைப்பு எவ்வளவு கார்பனை உள்வாங்கியது, எவ்வளவு நீரைக் கையாண்டது, எத்தனை உயிர்களுக்கு இடம் தந்தது என்று மதிப்பிட்டு, இன்றைய நகரம் அந்த இலக்குகளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று ஒப்பிடும் முறையை வகுத்தார். பென்யஸ் சொன்ன அளவுகோல் இங்கே எண்ணாக மாறுகிறது. சென்னையில் இதைச் செய்தால் கணக்கு வீட்டு மனையிலிருந்தே தொடங்கும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 22,300 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டுக்கு ஒன்பது லாரி. இதில் எவ்வளவு அந்த மனையிலேயே தங்கியிருக்க வேண்டும், எவ்வளவு போகலாம், எத்தனை மணி நேரத்தில் போகலாம் என்பதற்கு அந்த இடத்தின் பழைய நிலம் ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த விடை நகரம் முழுவதற்கும் ஒன்றாக இருக்காது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல். மழை நேராக உள்ளே இறங்கி நன்னீராக நிற்கும், கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் அடியில் பாறை. நகரின் வேறு பல பகுதிகளில் களிமண். அங்கே நீர் சட்டென்று இறங்காது, மேலேயே அகலமாகத் தேங்கி நின்று மெல்லத்தான் கசியும். மணல் நிலத்தின் வேலை உறிஞ்சுவது, களி நிலத்தின் வேலை தாங்கி நிற்பது, சதுப்பின் வேலை பரப்புவது. 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது துணிச்சலான முடிவு. கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதைப் பல பகுதிகளில் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த படி, எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரி உறைகிணறு என்ற நிலையிலிருந்து அந்தந்த நிலத்தின் வேலைக்கு ஏற்ற அமைப்புக்கு நகர்வது.

இப்படி நிலத்தைப் படித்துக் கட்டும் மரபு நமக்குப் புதிதில்லை. தமிழகத்தில் உள்ள 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளில் பெரும்பாலானவை, மெல்லிய சரிவில் வளைந்த கரை கட்டி, நீரை ஆழப்படுத்தாமல் அகலப்படுத்தி நிறுத்துபவை. நிறைந்தால் கலங்கல் வழியாக உபரி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே பேசப்படுகிறது. இவற்றைக் கட்டியவர்கள் இயற்கையைப் பின்பற்றுகிறோம் என்று நினைத்தார்களா என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. மூன்று மாதத்தில் கொட்டும் வடகிழக்குப் பருவமழையை ஆண்டு முழுவதற்கும் நிறுத்திவைக்க, அந்தத் தட்டையான சமவெளியில் இயற்கையான பள்ளங்கள் என்ன செய்தனவோ அதையே பெரிய அளவில் செய்தார்கள். நாம் இன்று கட்டும் கான்கிரீட் மழைநீர் வடிகாலின் தருக்கம் இதற்கு எதிரானது: விழுந்த நீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வேறிடத்துக்குத் தள்ளு. தள்ளப்படும் இடத்திலும் மனிதர்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் ஏழைகள்.

இன்னொரு மறுப்பு தத்துவார்த்தமானது, ஆனால் கனமானது. இயற்கை மனிதனுக்காக வடிவமைக்கப்பட்டதில்லை. சதுப்பு நிலத்துக்கு வெள்ளம் ஓர் ஆபத்து கிடையாது, அது அதன் வாழ்வு. நாம் வேண்டாம் என்று நினைப்பதையும் இயற்கை செய்கிறது; கொசுவும் அதில் சேர்த்தி. பரிணாமம் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்வதும் சரியில்லை. அப்போதைக்குப் பிழைக்கப் போதுமானதைத்தான் அது விட்டுவைக்கிறது. இவை எல்லாம் உண்மை. அதனால்தான் எதைப் போலச்செய்வது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. சதுப்பின் பரப்பும் குணத்தை எடுத்துக்கொள்ளலாம், அது வீட்டுக்குள் வருவதை விட்டுவிடலாம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் 2013இல் திறந்த பெந்தெம்பிளைன் சதுக்கம் இப்படிப்பட்டது. கூடைப்பந்து ஆடும் தாழ்ந்த மைதானம், பெருமழையின்போது சுற்றுப்புறக் கூரைகளின் நீரை வாங்கிச் சில மணி நேரம் தேக்கிவைக்கிறது. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர். நம் ஊரில் ஒரு ஏக்கர் விளையாட்டு மைதானத்தைச் சுற்றுத் தெருவைவிட 30 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 12 லட்சம் லிட்டர் நிற்கும். ஒரு நாள் ஆட்டம் நிற்கும், அவ்வளவுதான். கொசுவைப் பொறுத்தவரை, ஓரிரு நாளில் வடிந்துவிடும் நீரில் அது புழுப்பருவத்தைக் கடக்க முடியாது. நிரந்தரமாக நீர் நிற்கும் குளத்தில் மீனும் தவளையும் தும்பியும் இருந்தால் கட்டுக்குள் இருக்கும். நகரத்தில் கொசு பெரும்பாலும் பெருகுவது கழிவுநீர் தேங்கிய வடிகாலிலும், மலேரியா பரப்பும் இனத்தைப் பொறுத்தவரை மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும். 49 சென்டிமீட்டர் மழையை இவை எல்லாம் சேர்ந்தும் விழுங்கிவிடுமா என்றால், விழுங்காது. 2021 ஜூலையில் சீனாவின் ஜெங்ஜோ நகரத்தில் ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, மழையைப் பஞ்சுபோல உறிஞ்சும்படி நகரத்தை அமைக்கும் ‘கடற்பஞ்சு நகர’த் திட்டத்துக்காக அங்கே செய்யப்பட்ட பெரும் முதலீடு பேரிழப்பைத் தடுக்கவில்லை. அப்படிப்பட்ட நாளுக்கு முன்னெச்சரிக்கையும் வெளியேற்றமும் வேண்டும். ஆண்டுதோறும் தெருவை மூழ்கடிக்கும் சாதாரணப் பெருமழைக்கும் பின் வரும் கோடைக்கும்தான் இந்த ஏற்பாடுகள்.

பயோமிமிக்ரி ஒரு விளம்பரச் சொல்லாகிவிட்டது என்ற குற்றச்சாட்டையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. இத்துறையில் அதிகம் பேசப்படும் கட்டடம், ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்தில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் கட்டிமுடித்த ஈஸ்ட்கேட் மையம். கரையான் புற்று தன் உள்வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் முறையைப் பின்பற்றியது என்பார்கள். ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கப் புற்றுகளை அளந்து பார்த்து, அந்தப் பழைய விளக்கமே தவறு என்று 2008இல் எழுதினார்கள். கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தோடு ஆண்டு முழுவதும் ஏறி இறங்குகிறது. புற்றின் கோபுரம் குளிரூட்டும் புகைபோக்கியாக வேலை செய்வதில்லை. வெளிக்காற்றின் சலனத்தைப் பிடித்து, நுரையீரல்போல, வாயுக்களைப் பரிமாற உதவுகிறது. கட்டடம் நன்றாகவே இயங்குகிறது. இரவுக் காற்றின் குளிர்ச்சியைக் கனமான கட்டுமானத்துக்குள் சேமித்துப் பகலில் பயன்படுத்தும் பொறியியல் சரியாக அமைந்ததால் அது நடந்தது. ஒரு கட்டடத்தில் இப்படித் தப்பிக்கலாம். ஒரு கடற்கரையிலோ சதுப்பிலோ இயற்கையைத் தவறாகப் படித்தால் நட்டது சாகும், நம்பியவர் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வார். ஆகவே படித்தது சரிதானா என்று கட்டியபின் அளந்து பார்ப்பதும் இந்த முறையின் பகுதியாக இருக்க வேண்டும். அலையாத்தி பற்றியே இப்படி ஒரு விவாதம் நடந்தது. ஆழிப்பேரலையில் கடலூர்க் கடற்கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இத்தகைய முடிவுகளில் நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும் போதிய அளவு கணக்கில் எடுக்கப்படவில்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்த விவாதத்தால் அலையாத்தியின் மதிப்பு குறைந்துவிடவில்லை. எந்த அலைக்கு அது அரண், எந்த அலைக்கு அரணாகாது என்ற கேள்வி கூர்மையானது.

இடமே இல்லாத நகரத்தில் இதையெல்லாம் எங்கே செய்வது என்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2013 முதல் 2017 வரை தன் கடற்சுவரைப் புதிதாகக் கட்டியபோது, இடம் குறைந்த கரையிலேயே இதைச் செய்தது. துவாமிஷ் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் இளம் சால்மன் மீன்கள் கரையோரம் ஆழமில்லாத, வெளிச்சமுள்ள நீரில் மேய்ந்துகொண்டே போகும் பழக்கம் உள்ளவை. செங்குத்தான சுவரில் மேய எதுவும் இல்லை. படகுத்துறைகளின் இருட்டு நிழல் விழும் விளிம்புக்கு வந்ததும் அவை தயங்கி நின்றுவிடும், அல்லது பெரிய மீன்கள் காத்திருக்கும் ஆழத்துக்கு விலகிப்போகும். புதிய சுவரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்தார்கள். வெளிச்சம் கீழே இறங்கியது. சுவரின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, படிகளும் பிதுக்கங்களும் வைத்தார்கள். பாசியும் சிற்றுயிர்களும் ஒட்டின. அடியில் கல் நிரப்பிய பைகளை அடுக்கி நீரின் ஆழத்தைக் குறைத்தார்கள். பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீருக்குள் இறங்கிக் கண்காணித்து, இளம் மீன்கள் முன்பைவிட அதிகமாகச் சுவரோரம் வந்து மேய்வதைப் பதிவு செய்தார்கள். மீனுக்குத் தெரிந்த கடற்கரையின் மூன்று குணங்களை மட்டும் எடுத்து ஒரு கான்கிரீட் சுவருக்குள் வைத்த வேலை இது. சிட்னி துறைமுகத்தில் 2018 முதல் பழைய சுவர்களில் பதிக்கப்பட்டுவரும் பலகைகளும் அப்படித்தான்: பாறைக்குழியும் சிப்பிப் படுகையும் அலையாத்தி வேரும் கொடுக்கும் இடுக்குகளை அச்சில் வார்த்து ஒட்டியிருக்கிறார்கள், வெறும் சுவரில் இல்லாத உயிரினங்கள் குடியேறுகின்றன.

இவற்றைச் செய்வதற்குப் பெரிய தடை அறிவியலிலும் இல்லை, பணத்திலும் இல்லை. ஒப்பந்தப் புள்ளியில் எழுதப்படும் அளவில் இருக்கிறது. எத்தனை கன்று நடப்பட்டது, எத்தனை ஏக்கர் தூர்வாரப்பட்டது, கரையில் எத்தனை மீட்டர் நடைபாதை போடப்பட்டது என்பவற்றுக்குத்தான் பில் போட முடிகிறது. ஆகவே அவைதான் நடக்கின்றன. குளத்தைச் சுற்றிச் செங்குத்தாகக் கல் பதித்து நடைபாதை போட்டால் புகைப்படத்தில் அழகாகத் தெரியும். சரிவான கரையில் வளரும் கோரையும், அதில் முட்டையிடும் மீனும், கரையோரச் சேற்றில் இரைதேடும் உள்ளானும் போய்விடும். ஒப்பந்தத்தின் கடைசித் தவணையை வேலை முடிந்து மூன்று பருவமழை கழித்துக் கொடுக்கலாம். அதற்குள் பிழைத்த கன்றுகள் எத்தனை, பக்கத்துக் கிணற்றில் மே மாத நீர்மட்டம் எவ்வளவு ஏறியது, பெருமழைக்குப் பின் மைதானம் எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்ற மூன்று எண்களைக் கேட்டாலே வடிவமைப்பாளர் முதல் நாளே மண்ணைத் தோண்டிப் பார்க்கத் தொடங்குவார். இந்த எண்களை எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம்: கிணற்றில் இறக்க ஒரு நாடா, மைதானத்தில் நட ஓர் அளவுகோல், கன்றுகளை எண்ண அருகிலுள்ள பள்ளியின் பிள்ளைகள். எந்தெந்த மண்ணில் எந்த அமைப்பு வேலை செய்தது என்று வார்டு வாரியாக அந்தப் பதிவேட்டை மாநகராட்சி வெளியிட்டால், அடுத்த திட்டத்தை வரைபவர் அதிலிருந்து தொடங்கலாம்.